லிட்டருக்கு ஒரு துகள்

மாலை 6.45. புனேவுக்கு வடக்கே 80 கிலோமீட்டர். கோடத் கிராமத்துப் பால் மையம். வாசலில் மூன்று பைக்குகள். ஒவ்வொன்றின் இரு பக்கமும் அலுமினிய கேன் தொங்குகிறது.

மையத்துக்காரர் லிட்டர் படியைக் கேனில் முக்கி எடுக்கிறார். பால் விளிம்பு வரை தளும்பி நிற்கிறது. வாளியில் ஊற்றுகிறார். மறுபடி முக்குகிறார். பதினொன்று, பன்னிரண்டு என்று மராத்தியில் எண்ணுகிறார். எண்ணி முடித்ததும் படியைக் கவிழ்த்து வைக்கிறார். விளிம்பில் ஒரு சொட்டு திரள்கிறது. தொங்குகிறது. விழுகிறது.

வெங்காயப் பட்டறைக்குப் பின்னால் ரேடியோ தொலைநோக்கியின் டிஷ் ஒன்று நிற்கிறது.

குறுக்களவு 45 மீட்டர். தகடு கிடையாது. அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான எஃகுக் கம்பியில் பின்னிய வலை. காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போகிறது. வலைக்கு அப்பால் அந்தி வானம் தெரிகிறது. தூரத்தில் வருகிறவர்களுக்கு யாரோ கொசுவலையை விரித்துக் காயப் போட்டது போல இருக்கும்.

7 மணி தாண்டுகிறது. மோட்டார் முனகுகிறது. டிஷ் மெல்லக் குனிகிறது. கிழக்கே, கொஞ்சம் வடக்குத் தள்ளி. அடிவானத்துக்கு மேல் 17 டிகிரி. அதற்குக் கீழே அது குனியாது. அங்கே நிற்கிறது.

அடுத்த வயலைத் தாண்டி இன்னொரு டிஷ். அதே திசை, அதே சாய்வு. அதைத் தாண்டி இன்னொன்று. மொத்தம் 30. 14 இங்கேயே, ஒரு சதுரக் கிலோமீட்டர் பரப்பில். மற்ற 16 மூன்று கைகளாகப் பிரிந்து, கரும்புக்கும் திராட்சைக்கும் நடுவே நிற்கின்றன. கோடிக்குக் கோடி 25 கிலோமீட்டர்.

30 முகங்களும் பார்க்கிற இடத்தில் வெறும் கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

*

அங்கே இருப்பது கோமா கொத்து. 32 கோடி ஒளியாண்டு தூரம். ஆயிரத்துக்கு மேற்பட்ட கேலக்ஸிகள் ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு சுற்றுகின்றன. நடுவில் இரண்டு பெரியவை. என்ஜிசி 4874, என்ஜிசி 4889. புகைப்படங்களில் இவை மஞ்சள் பூத்த இரண்டு உருண்டைகள். சுற்றிலும் பொட்டுப் பொட்டாக மற்றவை. பொட்டுகளுக்கு நடுவே கறுப்பு.

கறுப்பு வெற்றிடம் இல்லை. அதில் வாயு இருக்கிறது. எல்லாக் கேலக்ஸிகளின் எல்லா நட்சத்திரங்களையும் சேர்த்து நிறுத்தாலும் இந்த வாயுவின் எடை அதைவிடப் பல மடங்கு. வெப்பம் 10 கோடி டிகிரியை ஒட்டி. அந்தச் சூட்டில் அணு அணுவாக இருப்பதில்லை. எலக்ட்ரான் தனி, கரு தனி.

பால் மையத்து லிட்டர் படியை அங்கே வைத்தால் உள்ளே ஒரு துகள் இருக்கும். கொத்தின் நடுப்பகுதியில் வைத்தால் மூன்று.

ஒரு துகள் இன்னொன்றோடு முட்டிக்கொள்ளப் பல்லாயிரம் ஒளியாண்டு போக வேண்டியிருக்கிறது. இருந்தும் அந்த வாயு வாயுவாகவே நடந்துகொள்கிறது. அலையடிக்கிறது. சுழிக்கிறது. அதிர்ச்சி அலை எழுப்புகிறது. துகள்களைச் சேர்த்துக் கட்டியிருப்பது காந்தப்புலம்.

காந்தப்புலம் மிகவும் மெலிது. பூமியின் காந்தம் திசைகாட்டி ஊசியைத் திருப்புகிறது. கோமாவின் நடுவில் இருப்பது அதில் லட்சத்தில் ஒரு பங்கு. அங்கே ஊசி அசையாது. ஆனால் கோமாவுக்குப் பின்னால் வெகுதூரத்தில் இருக்கும் ஒரு கேலக்ஸியிலிருந்து வரும் ரேடியோ அலை, கொத்தின் ஊடாக வரும்போது, தன் அதிர்வுத் தளத்தைத் திருப்பிக்கொள்கிறது. அலைநீளம் கூடினால் திருப்பமும் கூடுகிறது. எவ்வளவு திரும்பியது என்று அளந்தால் வழியில் இருந்த காந்தம் தெரியும். பக்கத்தில் இன்னொரு கேலக்ஸி. அதன் அலை வேறு அளவு திரும்பியிருக்கிறது. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று, எதிர்ப்பக்கம் திரும்பி.

காந்தக் கோடுகள் நேராக இல்லை. சிக்கு விழுந்த நூல்கண்டு.

*

அந்த நூலைப் பற்றிக்கொண்டு ஒரு எலக்ட்ரான் போகிறது.

இது சாதாரண எலக்ட்ரான் இல்லை. ஒளிக்கு மயிரிழை குறைந்த வேகம். தன் நிறை ஆற்றலைப் போல 10,000 மடங்கு ஆற்றல். காஸ்மிக் கதிர் என்பது இத்தகைய துகளின் பொதுப்பெயர். வாயுவில் இருக்கும் துகள்களில் இவை மிக மிக அபூர்வம்.

எலக்ட்ரான் நேரே போகவில்லை. காந்தக் கோட்டைச் சுற்றிச் சுருள் சுருளாகப் போகிறது. காந்தம் மெலிது என்பதால் சுருள் பெரிது. அதன் ஆரம் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைவிடச் சற்று அதிகம். ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

சுற்றும்போதெல்லாம் கொஞ்சம் ரேடியோ அலையை உதிர்க்கிறது. சில நூறு மெகாஹெர்ட்ஸ். கோடத்தின் டிஷ்கள் காத்திருக்கிற அலை அதுதான்.

உதிர்ப்பது சும்மா வருவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் எலக்ட்ரான் இளைக்கிறது. பெருவெடிப்பின் மிச்ச ஒளி எங்கும் நிறைந்திருக்கிறது. அதில் மோதி இன்னும் இளைக்கிறது. சுமார் 10 கோடி ஆண்டு. அதற்குள் அதன் குரல் டிஷ்களுக்கு எட்டாமல் தாழ்ந்துவிடும்.

இத்தகைய எலக்ட்ரான்கள் உதிர்க்கும் அலை கோமாவில் ஒரு ரேடியோ ஒளிவட்டமாகப் பரந்திருக்கிறது. அதன் அகலம் 30 லட்சம் ஒளியாண்டுக்கு மேல். சிக்கு நூலைப் பிடித்துக்கொண்டு 10 கோடி ஆண்டில் அதைக் கடக்க முடியாது. கால்வாசி கூட முடியாது.

ஆனால் ஒளிவட்டம் கோடி முதல் கோடி வரை ஒளிர்கிறது. எலக்ட்ரான்களுக்கு அங்கங்கேயே ஆற்றல் கிடைக்க வேண்டும்.

*

1959. இங்கிலாந்து. ஜாட்ரல் பேங்க். 250 அடி டிஷ், அப்போது உலகிலேயே பெரியது. 408 மெகாஹெர்ட்ஸில் கோமாவின் மேல் மெதுவாக நகர்கிறது. கேலக்ஸிகள் இருக்கும் இடத்தில் ரேடியோ ஒலி எழுகிறது. கேலக்ஸிகள் இல்லாத இடத்திலும் அது அடங்கவில்லை. வரைபடத்தில் ஒரு பரந்த மேடு. உச்சி இல்லாத மேடு. எந்தக் கேலக்ஸியின் பெயரையும் அதற்கு வைக்க முடியவில்லை. கோமா-சி என்று குறிக்கிறார்கள்.

1949. சிகாகோ. என்ரிக்கோ ஃபெர்மி காஸ்மிக் கதிர்களுக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போடுகிறார். விண்வெளியில் காந்தம் ஏறிய மேகங்கள் அலைகின்றன. துகள் அவற்றில் முட்டி முட்டித் திரும்புகிறது. எதிரே வரும் மேகத்தில் முட்டினால் ஆற்றல் கூடுகிறது. விலகிப்போகும் மேகத்தில் முட்டினால் குறைகிறது. சாலையில் போகிறவருக்கு எதிர் வண்டிகளே அதிகம் தென்படுகின்றன. அது போல எதிர் முட்டல்கள் சற்றே அதிகம். வரவும் செலவும் கழித்தால் கையில் மிகச் சிறிய மிச்சம்.

நம் பால்வீதிக்கு அந்தக் கணக்கு மந்தமாகப் போய்விட்டது. மிச்சம் சேர நெடுங்காலம் பிடிக்கும். அதைவிட விரைவான வழிகள் பிறகு கண்டுபிடிக்கப்பட்டன.

கொத்துகளிடம் காலம் இருக்கிறது. இரண்டு கொத்துகள் மோதினால் அந்த மோதல் நூறு கோடி ஆண்டுக் கணக்கில் நீள்கிறது. பெருவெடிப்புக்குப் பிறகு நடந்தவற்றில் மிகப் பெரிய ஆற்றல் நிகழ்வுகள் இவை. மோதல் கலக்கிய வாயுவின் சுழிகளே மேகங்களின் வேலையைச் செய்யலாம். ஃபெர்மியின் தாள் கொத்துகளை ஆராய்கிறவர்களின் மேஜைக்குத் திரும்பி வருகிறது.

*

இரவு 9. கோடத் சாலையோரம். மின்கம்பத்தின் கீழே ஒருவர் நிற்கிறார். கையில் மீன்முள் போன்ற சிறிய ஆண்டெனா. அதைக் கம்பத்தின் உச்சிக்கு நீட்டுகிறார். தலையைச் சாய்க்கிறார். அடுத்த கம்பத்துக்கு நடக்கிறார். எங்கோ ஒரு பீங்கானில் மின்பொறி கசிகிறது. கண்ணுக்குத் தெரியாத பொறி. கோமாவைவிடச் சத்தம் அதிகம்.

கட்டுப்பாட்டு அறையில் செல்பேசிகள் அணைக்கப்பட்டிருக்கின்றன. கணினிகள் உலோகக் கூண்டு போன்ற அறைக்குள் இருக்கின்றன. அவற்றின் சொந்த ரேடியோ இரைச்சல் வெளியே போகக் கூடாது. கதவு கனமானது. மூடும்போது இரண்டு கையும் வேண்டும்.

30 டிஷ்களின் சமிக்ஞையும் கண்ணாடி இழை வழியே இங்கே வருகிறது. ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட வேண்டும். 435 ஜோடி. திரையில் கோடுகள் நடுங்குகின்றன. இரவுப் பணியாளர் ஒரு கோட்டைச் சுட்டிக்காட்டி ஏதோ எழுதுகிறார். ஒரு டிஷ்ஷின் கோடு மற்றவற்றோடு சேரவில்லை. 29.

அரை மணிக்கு ஒருமுறை டிஷ்கள் கோமாவை விட்டு விலகுகின்றன. 7 டிகிரி பக்கத்தில் 3சி286. வெகு தொலைவில் ஒரு குவேசார். அதன் பிரகாசம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். கடைக்காரர் படிக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்ப்பது போல, சில நிமிடம் அதைப் பார்க்கின்றன. மறுபடி கோமா. அரை மணி. மறுபடி 3சி286.

வயல் நாய் ஒன்று ஒவ்வொரு முறையும் தலை தூக்குகிறது. மோட்டார் நின்றதும் தலையைக் கால்களின் மேல் வைத்துக்கொள்கிறது.

*

1970. நீலகிரி. உதகைக்குப் பக்கத்தில் முத்தோரை. மலைச்சரிவு ஒன்று வடக்கும் தெற்குமாக 11 டிகிரி சாய்ந்திருக்கிறது. அந்த ஊரின் அட்சரேகையும் 11 டிகிரி. சரிவோடு சரிவாக 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு தொலைநோக்கி படுத்திருக்கிறது. 24 வளைந்த சட்டங்கள். அவற்றின் மேல் இழுத்துக் கட்டிய 1,100 எஃகுக் கம்பிகள். சரிவே பூமியின் அச்சுக்கு இணையாக இருப்பதால் ஒரே அச்சில் திருப்பினால் போதும். வானத்தின் பின்னாலேயே போகும்.

அதைக் கட்டியவர் கோவிந்த் ஸ்வரூப். கோடத்தின் 30 டிஷ்களும் அவர் கனவுதான். தகட்டுக்குப் பதில் கம்பி வலை. வலையைக் கயிறுகளில் இழுத்துக் கட்டி வளைவுக்குக் கொண்டுவருவது. எடை குறைந்தது, செலவு குறைந்தது. செப்டம்பர் 2020-இல் புனேவில் காலமாகிறார். 91 வயது. டிஷ்கள் அன்றும் திரும்புகின்றன.

2007, 2008. இந்த டிஷ்களால் செய்த ஒரு கணக்கெடுப்பு வெளியாகிறது. தொலைவிலுள்ள கனமான கொத்துகள் ஒவ்வொன்றாக. பலவற்றில் வெறும் கறுப்பு. சிலவற்றில் ஒளிவட்டம். ஒளிவட்டம் உள்ளவற்றின் எக்ஸ் கதிர்ப் படங்களைப் பக்கத்தில் வைக்கிறார்கள். பெரும்பாலும் நசுங்கிய உருவங்கள். கோணல்கள். மோதி இன்னும் அடங்காத கொத்துகள். அமைதியான கொத்துகளில் விளக்கு எரியவில்லை.

கோமாவும் அடங்கவில்லை. தென்மேற்கே என்ஜிசி 4839-ஐச் சுற்றி ஒரு கேலக்ஸிக் கூட்டம் தனியாகத் தெரிகிறது. கோமாவுக்குள் விழுந்துகொண்டிருக்கும் விருந்தாளி.

*

இரவு 11. கேண்டீன். பணியாளர் டீயில் சர்க்கரை போட்டுக் கரண்டியால் கலக்குகிறார். நடுவில் பெரிய சுழி. கரண்டியை எடுக்கிறார். பெரிய சுழி உடைகிறது. விளிம்பில் சின்னச் சுழிகள். அவை இன்னும் சின்னதாக. ஆடைத் துணுக்கு ஒன்று திரும்பித் திரும்பி நிற்கிறது. டீ அசையாமல் இருக்கிறது.

அவர் மறுபடி கலக்குகிறார்.

*

சுழிகள் இருக்கின்றனவா என்று பார்க்க ரேடியோ போதாது. வாயுவின் வேகத்தை அளக்க வேண்டும்.

வாயுவில் கொஞ்சம் இரும்பு கலந்திருக்கிறது. பழைய நட்சத்திரங்கள் வெடித்துச் சிதறிய இரும்பு. கொத்தின் சூட்டில் அது ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் எக்ஸ் கதிர் வீசுகிறது. நம்மை நோக்கி வரும் இரும்பின் கோடு கொஞ்சம் மேலே நகர்கிறது. விலகும் இரும்பின் கோடு கொஞ்சம் கீழே. எல்லாம் சேர்ந்தால் கோடு தடிக்கிறது. தடிமனே வேகம். அதை அளக்கும் அளவு நுண்ணிய கருவி நெடுங்காலம் இல்லை.

கருவி 36 கட்டங்கள் உள்ள ஒரு சின்னச் சதுரம். பக்கம் 5 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தானைவிடச் சிறிது. அதன் வெப்பநிலை தனிச்சுழிக்கு மேல் ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு. அவ்வளவு குளிரில் ஒரே ஒரு எக்ஸ் கதிர்த் துகள் விழுந்தாலும் கட்டம் சூடாகிறது. எவ்வளவு சூடு என்று அளந்தால் விழுந்ததன் ஆற்றல் தெரியும். கட்டம் ஆறுகிறது. அடுத்ததற்குக் காத்திருக்கிறது.

10 பிப்ரவரி 2000. ஜப்பான். இத்தகைய கருவியோடு கிளம்பிய ராக்கெட் சுற்றுப்பாதையை எட்டவில்லை.

ஜூலை 2005. இரண்டாவது செயற்கைக்கோள், சுசாக்கு. பாதைக்குப் போய்ச் சேர்கிறது. ஆகஸ்டில் குளிரூட்டும் ஹீலியம் முழுதும் ஆவியாகிப் போய்விடுகிறது. மற்ற கருவிகள் ஆண்டுக்கணக்கில் வேலை செய்கின்றன. இந்தக் கருவி ஒரு கொத்தையும் பார்க்கவில்லை.

17 பிப்ரவரி 2016, மாலை 5.45. தானேகாஷிமா தீவு. மூன்றாவது. பாதைக்குப் போனதும் பெயர் வைக்கிறார்கள். ஹிடோமி. கண்மணி என்று பொருள். டிராகன் ஓவியம் வரைந்த ஒரு பழைய ஓவியனின் கதையும் பெயரோடு சேர்ந்து வருகிறது. அவன் கண்ணை மட்டும் எழுதாமல் விட்டிருந்தான். கண் எழுதியதும் டிராகன் எழுந்து பறந்துவிட்டது.

கருவியின் முன்னால் ஒரு வாயில். அதில் பெரிலியம் ஜன்னல், தடிமன் கால் மில்லிமீட்டர். வாயிலை இன்னும் திறக்கவில்லை. மூடிய ஜன்னல் வழியாகவே பெர்சியஸ் கொத்தைப் பார்க்கிறது. பிப்ரவரி கடைசியில் சில நாள், மார்ச் தொடக்கத்தில் சில நாள்.

பெர்சியஸின் நடுவில் ஒரு கருந்துளை வாயுவுக்குள் குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது. பெரும் கொந்தளிப்பு இருக்கும் என்று பலர் எதிர்பார்த்திருந்தார்கள். இரும்புக் கோடு வருகிறது. மெல்லிய கோடு. நொடிக்கு 164 கிலோமீட்டர், பத்து கூடலாம் குறையலாம். அங்கே ஒலி நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் போகும். அதன் பக்கத்தில் இது இளங்காற்று.

26 மார்ச், விடிகாலை. ஹிடோமி வேறொரு திசைக்குத் திரும்பி நிற்கிறது. சுழற்சியைச் சொல்லும் கருவி ஒரு எண்ணைத் தருகிறது. மணிக்கு 21.7 டிகிரி சுழல்வதாக. செயற்கைக்கோள் சுழலவில்லை. எண்ணை நம்பி, உள்ளே இருக்கும் சக்கரங்கள் எதிர்ப்பக்கம் தள்ளுகின்றன. இப்போது சுழல்கிறது. சக்கரங்களின் வேகத்தை இறக்கப் பூமியின் காந்தப்புலத்தைப் பிடித்துக்கொள்ளும் மின்காந்தக் கம்பிகள் உண்டு. அவற்றால் முடியவில்லை. கடைசியாகச் சிறிய உந்துபொறிகள் எரிகின்றன. அவற்றுக்குக் கொடுத்திருந்த எண்கள் தவறு. சுழற்சி கூடுகிறது. சூரியத் தகடுகள் வேரோடு பிய்கின்றன.

ஒரு மாதம் அழைக்கிறார்கள். 28 ஏப்ரல், அழைப்பதை நிறுத்துகிறார்கள்.

ஜூலையில் நேச்சர் இதழில் பெர்சியஸின் கோடு வெளியாகிறது. மெல்லியது. சுத்தமானது.

7 செப்டம்பர் 2023, காலை 8.42. அதே தீவு. நான்காவது. பெயர் எக்ஸ்ரிசம். குளிர் இறங்குகிறது. கருவி விழிக்கிறது. வாயிலைத் திறக்கக் கட்டளை போகிறது. திறக்கவில்லை. மறுபடி அனுப்புகிறார்கள். திறக்கவில்லை. குறைந்த ஆற்றல் கதிர்கள் ஜன்னலிலேயே நின்றுவிடுகின்றன. இரும்பின் கதிர் ஜன்னலைத் துளைத்து உள்ளே வருகிறது.

அது கோமாவைப் பார்க்கிறது. 2025-இல் முடிவு வெளியாகிறது. நடுப்பகுதியில் கொந்தளிப்பின் வேகம் நொடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். அதற்கு மேல், வாயு மொத்தமாகவே கேலக்ஸிகளை விட்டு ஒரு பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. கலக்கிய கரண்டியின் தடம்.

*

நள்ளிரவு தாண்டி அரை மணி. கோமா உச்சிக்குச் சற்று வடக்கே. 29 டிஷ்களும் கிண்ணம் போல மல்லாந்திருக்கின்றன. முப்பதாவதின் தலைமேல் டார்ச் வெளிச்சம். இரும்பு ஏணியில் யாரோ இறங்குகிறார். கையில் ஸ்பேனர். கீழே நிற்பவர் டார்ச்சை அவர் காலடிக்கு நேராகப் பிடிக்கிறார். ஒவ்வொரு படிக்கும் வெளிச்சமும் ஒரு படி இறங்குகிறது.

திரையில் 30.

எலக்ட்ரான்களைப் போலவே புரோட்டான்களும் கோமாவில் முடுக்கப்பட வேண்டும். புரோட்டான் அவ்வளவு எளிதில் இளைக்காது. கொத்தின் ஆயுள் முழுக்க உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். வாயுவில் முட்டும்போது காமா கதிர் வர வேண்டும். 2008-இல் ஏவிய செயற்கைக்கோள் அதற்காகவும் விழித்திருக்கிறது. அதன் பெயரும் ஃபெர்மி. எதிர்பார்த்த அளவு காமா கதிர் வரவில்லை. கணக்குகளில் புரோட்டானின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது.

3 மணி. 3சி286. நாய் தலை தூக்கவில்லை.

4 மணி. ஈரக்காற்று. வலையின் அடிக்கம்பியில் பனித்துளிகள் வரிசையாக. டிஷ் மேற்கே சாயச் சாய, துளிகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து சேர்கின்றன.

5.50. கிழக்கு வெளுக்கிறது. டிஷ்கள் மேற்கில் 17 டிகிரிக்கு இறங்கிவிட்டன. பணியாளர் நேரத்தைக் குறிக்கிறார். ஏறக்குறைய 11 மணி நேரம். பதிவு நிற்கிறது. அடுத்த பணிக்காரர் செருப்பை வாசலில் விடுகிறார்.

கோமாவில் அந்த எலக்ட்ரான் பதினோரு சுற்று சுற்றியிருக்கிறது.

பால் மையத்தின் ஷட்டர் ஏறுகிறது. முதல் பைக் வந்து நிற்கிறது. மையத்துக்காரர் படியை எடுத்து உள்ளே பார்க்கிறார். காலி. துணியால் ஒருமுறை துடைத்துக் கேனில் முக்குகிறார்.